அட்டை இல்லாதது

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. குளக்கரை ஓட்டத்தில் பெண்களுள் முதலாவதாக வந்தவரின் பெயர், முடிவுப் பட்டியலில் இல்லை.

அவ்விடத்தில் ‘அட்டை இல்லாதது’ என்றிருக்கிறது.

இல்லாதவர் என்றுகூட இல்லை.

இல்லாதது.

அவர் என் பதிவு மேசைக்கு வந்தபோது மூச்சு அடங்கியிருக்கவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார். வெறுங்கால். கையில் டோக்கன், எண் பதினேழு.

ஐந்து கிலோமீட்டர். இருபத்தாறு நிமிடம், நாற்பது விநாடி.

விடியுமுன் அதே பாதையைப் பெருக்கி முடித்தவரும் அவர்தாம். தூய்மைப் பணியாளரின் பச்சை மேலங்கியைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு ஓடவந்திருந்தார்.

கட்டணமில்லை, யாவரும் வரலாம் என்று பதாகையில் எழுதியிருக்கிறோம்.

ஓடி முடித்தவர் தமக்குக் கிடைத்த டோக்கனையும், பார்கோடு அச்சிட்ட தம் அட்டையையும் என்னிடம் நீட்ட வேண்டும். டோக்கன் இடத்தைச் சொல்லும். அட்டை பெயரைச் சொல்லும். இரண்டையும் கைப்பேசியில் பதிவது என் பொறுப்பு. ஊதியமில்லாத பணி. ஆதலால், பிழையில்லாமல் செய்ய வேண்டிய பணி.

அவர் டோக்கனை மட்டும் நீட்டினார். மின்னஞ்சல் முகவரி உள்ளவர்க்கே அட்டை.

பின்னால் நின்ற இளைஞர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கினார்.

“அக்கா, அடுத்த வாரம் பாதைய நாங்க கூட்டறோம். நீங்க ஓட மட்டும் ஓடாதீங்க. எங்க மானமே போகுது.”

“கூட்டித்தான் பாரு கண்ணு. ஓடறதே தேவலைம்ப.”

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“சார், இந்த வாட்டியாச்சும் பேரு வருங்களா? ஆறு வாரமா ஓடறேன், எம்புள்ள நம்பவே மாட்டீங்கறா. லிஸ்ட்ட அவ போனுக்கு அனுப்பி வுடுங்க சார், பாக்கட்டும்.”

“வரும்” என்றேன்.

வெள்ளைத்தாளில் எழுதினேன்: 17. இரா. நாகமணி. மகளின் எண்ணை என் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். தாளை ஒருங்கிணைப்பாளர் நவநீதனின் கையிலேயே கொடுத்தேன்.

ஒன்பது மணிக்குப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவிற்கு வந்தது.

நூற்றுப் பத்துப் பெயர்கள். ஓர் ‘இல்லாதது’.

குழு கைதட்டிக்கொண்டிருந்தது. பூங்கொத்துகள், கோப்பைகள். ‘பெண்களில் முதலிடம்’ என்று வாழ்த்துப் பெற்றவர், நாகமணிக்கு மூன்று நிமிடம் பின்னால் வந்தவர். அவரும் நன்றி சொல்லியிருந்தார். தமக்கு முன்னால் ஓடிய முதுகைக் கண்கூடாகப் பார்த்தவர்.

நவநீதனை அழைத்தேன்.

ஒரு மனிதரை அஃறிணையில் எழுத உமக்கு யார் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டேன். திணை தெரியாதவர் பட்டியல் போடலாமா என்று கேட்டேன். ஆடுமாட்டுக் கணக்கா எடுக்கிறீர் என்றும் கேட்டேன். அடுத்த அறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்க்குமளவுக்குக் கேட்டேன்.

நவநீதன் என்னை முடிக்கவிட்டுப் பேசினார்.

“ஐயா, ஆப்ல மொதல்ல ‘பெயர் தெரியாதவர்’னுதானுங்க இருந்துச்சு. ஜனவரில நீங்கதான் மாத்தச் சொன்னீங்க. அட்டை இல்லாம வந்தது டோக்கன், டோக்கன் அஃறிணை, அதனால ‘இல்லாதது’ன்னுதான் வரணும்னு. அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தீங்களே, ஐயா.”

எடுத்தேன்.

எழுவாய் டோக்கன். பயனிலை இல்லாதது. இன்றும் எந்தத் தேர்விலும் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் பட்டியலில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன். அச்சொல்லில் பிழையில்லை. கடந்துபோனேன். ஆறு ஞாயிறுகளாக அந்த எழுவாய், வியர்வை சொட்ட, என் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார்.

“நான் கொடுத்த தாள்?” என்றேன்.

“அடுத்த வாரத்துக்கு நானே அவங்களுக்கு மெயில் ஐடி போட்டு அட்டை எடுத்துத் தரேனுங்க. இந்த வாரத்துல பேர ஏத்தணும்னா குரூப்ல நாலு பேராச்சும் கேக்கணும், அப்பத்தான் கமிட்டி ஒத்துக்கும். யாருமே கேக்கலீங்களே.”

அவரைத் தவிர நூற்றுப் பத்துப் பேர் ஓடியிருக்கிறார்கள். அவர்களுள் பதினாறு பேர் மட்டுமே அவருக்கு முன்னால் ஓடியவர்கள். மற்றவர் அனைவரும் அவர் தங்களைக் கடந்து சென்றதையோ, தங்களுக்கு முன்னால் சென்றதையோ கண்ணால் கண்டவர்கள்.

யாருமே கேட்கவில்லை.

பத்தரை மணிக்கு, நான் குறித்துவைத்த எண்ணிலிருந்து ஒரு செய்தி.

‘சார், நாகமணி பொண்ணு. லிஸ்ட் வந்துருச்சா? அம்மா ஃபர்ஸ்ட்னு சொல்லுது. சும்மாதான சார்?’

இன்னும் பதில் எழுதவில்லை. பட்டியலை இப்படியே அனுப்பினால், தாய் பொய் சொன்னார் என்று நானே கையொப்பமிட்டுத் தருவதாகும்.

இக்குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள். ஜனவரியில் செய்த பிழை என்னுடையது. அதை இங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை வாய்மூடி இருந்தது உங்களுடையது.

இதற்குக் கைதட்டாதீர்கள். என்னைத் தேற்றாதீர்கள்.

அவர் உங்களை எந்த இடத்தில் கடந்து சென்றார் என்று எழுதுங்கள். உங்கள் பெயரிட்டு, அவர் பெயரிட்டு.

அவர் மகள் காத்திருக்கிறாள்.