நல்ல காலின் தள்ளாட்டம்

இடுப்பில் கை வைத்து, வலது காலை மடக்கிக்கொண்டு, அக்கா இடது காலால் எகிறினாள்.

தரையில் பதித்திருந்த இரும்புத் தட்டின் மேல் அதே காலில் இறங்கினாள். இறங்கியதும் அசையாமல் நிற்கவேண்டும். கால் எவ்வளவு ஆடுகிறது என்பதைத் தட்டு திரையில் கோடாக வரைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு ஒரு துள்ளு துள்ளிவிட்டு நேரானது. ஆணி அடித்த மாதிரி நின்றாள்.

அறுவை சிகிச்சை செய்த முழங்கால் அது. ஞாயிற்றுக்கிழமை கைப்பந்து இறுதிப் போட்டி. இரண்டு காலும் இன்று தேறினால் அக்கா மறுபடி அணியில் ஆடலாம்.

கை வலிக்கிற அளவுக்குத் தட்டினேன்.

அடுத்து வலது கால். பிறந்ததிலிருந்து ஒரு சுளுக்குக்கூட காணாத கால். கண்ணை மூடிக்கொண்டு தேறவேண்டிய கால்.

இறங்கியதும் அக்கா தள்ளாடினாள். கைகளை விரித்துக்கொண்டு தட்டை விட்டே வெளியே வந்துவிட்டாள். திரையில் கோடு கோழி கிளறிய மண்ணாகக் கிடந்தது.

மறுபடி குதித்தாள். மறுபடியும் அதே கூத்து.

சோதனை நடத்திக்கொண்டிருந்த பிசியோ சார் தட்டைத் துடைத்தார். ஒயரைப் பிடுங்கி மாட்டினார். தானே ஏறிக் குதித்துப் பார்த்தார். அவர் தொப்பை குலுங்கியதுகூட ஒழுங்காகப் பதிவானது.

"இது நல்ல காலாச்சே?" என்று தலையைச் சொறிந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இன்று காலையில்கூட கொக்கு மாதிரி அதே வலது காலில் நின்றபடி பல் தேய்த்தவள் அவள். இடையில் இடது காலால் என்னை ஓர் உதை வேறு.

மாதக்கணக்கில் 'ஆடாதே, ஆடாதே' என்று பழக்கிய இடது காலுக்கு, இன்று ஆடச் சொன்னாலும் ஆட வரவில்லை. அதனால்தான் நல்ல காலை நடிக்க விட்டிருக்கிறாள், கள்ளி.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது.

அக்கா என்கிற மரியாதையை எல்லாம் மறந்து அவள் காதைப் பிடித்துத் திருகினேன்.

"எனக்காக நடிக்காத. ஒழுங்கா குதி."

அக்கா முறைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு குதித்தாள்.

நின்றாள். அறை அதிர நான் கைதட்டியும் கோடு அசையவில்லை.

பிசியோ சார் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்போ இவ்வளவு நாளா இவங்க இடத்துல ஆடிட்டிருந்த பொண்ணு என்ன பண்ணுவா?"

"பெஞ்சுல உக்காந்து கைதட்டுவா, சார்" என்றேன், கைதட்டிக்கொண்டே.