மூழ்கிய படகு

"அத்தா, எங்க சர்வே நீங்க சொன்ன இடத்துலதான் நடந்துச்சு. நம்ம படகைக் காணோம்" என்றாள் ரிஹானா. கடல் ஆய்வுக் கப்பலிலிருந்து அன்று காலைதான் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இறங்கியிருந்தாள்.

அவள் தந்தை அய்யூப் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். "அவ்வளவு ஆழத்துல தெரியுமாம்மா?"

"தெரியும். கப்பல்லேர்ந்து சத்தம் அனுப்புவோம். தரையில பட்டுத் திரும்புற எதிரொலியை வச்சு மேப்பே போட்டுடுவோம். அங்க வெறும் மணல்தான். ஆறு வருஷம் முன்னால மூழ்கின படகு எங்க போகும்?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூழ்கலைம்மா, வித்துட்டேன். உன்னை மெயின்லேண்டுல படிக்க வைக்க வேற வழி தெரியல. உங்கம்மாவுக்கு அவங்க அத்தா கொடுத்த படகு. சொன்னா அவ விட்டிருப்பாளா?"



ஷரீபா தேநீருடன் வந்தாள். "என்னடி, என் படகைப் பத்திப் பேச்சு? கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா" என்றாள் ரிஹானா, அத்தாவைப் பார்க்காமல். "அறுநூறு மீட்டர் ஆழத்துல கிடக்கு. எடுக்க முடியாது."

"அப்படியா? போன பெருநாளைக்கு என் தங்கச்சி வீட்டுக்கு அதுலதானே போயிட்டு வந்தேன்!"

அய்யூப்பின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. "உனக்குத் தெரியுமா?"

"வாங்கினவங்க பெயிண்ட் மாத்திட்டா எங்க அத்தா படகு எனக்குத் தெரியாமப் போயிடுமா? புள்ள படிச்சு முடிக்கட்டும்னுதான், கேட்டவங்ககிட்ட எல்லாம் நானும் மூழ்கிடுச்சுன்னே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்ற ஷரீபா, தேநீரைக் கணவரிடம் நீட்டினாள். "ஆறிடப் போகுது, குடிங்க."