தீங்கில்லாத காளான்

மேசையில் காளான் சூப்பைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரர் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

கொஞ்ச நாளாகவே இதே கதைதான். மனைவியின் அண்ணன் மகள் கம்ப்யூட்டரைத் திறந்தால் காளான், மூடினால் காளான் புத்தகம். என்னவென்று கேட்டால், "காலேஜ்ல பயாலஜி கட்டுரை மாமா. தீங்கில்லாத காளான்களைப் பத்தி" என்றாள்.

யாருக்குக் காது குத்துகிறாள்? விஷத்தையும் மருந்தையும் பார்த்தே தலை நரைத்தவர் அவர்.

தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தது அத்தைதான். போன வருடம் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அந்த அத்தை வீட்டை விட்டே போய்விட்டாள் என்பது ஊரறிந்த விஷயம். அன்றிலிருந்து இவள் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அத்தை போனதுக்கு நீங்கதான் காரணம்" என்று ஒரு தடவை மூஞ்சிக்கு நேரே சொல்லியும் விட்டாள். வீடு அத்தை பெயரில் இருந்தது. இவரும் கண்ணை மூடிவிட்டால் முழுசாக இந்தப் பெண்ணுக்குத்தான்.

"முதல்ல நீ குடி."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் கிண்ணத்தைக் காலி செய்தாள். பிறகு அவருடையதையும் எடுத்துக் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் பட்டினியோடு படுத்ததுதான் மிச்சம்.

மறுநாள் இன்னொரு குண்டைப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை காட்டுக்குப் போறேன் மாமா. காளான் பொறுக்கணும்."

காட்டில் என்னென்ன முளைக்குமோ! அவருக்கு வியர்த்துவிட்டது.

"காடெல்லாம் வேணாம். நம்ம தோட்டத்துலயே ரோஜாச் செடிக்கடியில கூட்டமா முளைச்சிருக்கே, அதையே போட்டோ எடுத்து எழுது. கையால தொடாத. மண்ணையும் கிளறாத, செடி வேர் அறுந்துடும்."

மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. அதற்குப் பிறகு மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடுதான்.

ஒரு சாயங்காலம் அவளுடைய பேராசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே வாட்டசாட்டமாக இன்னொருவர்.

"பிரமாதமான கட்டுரை சார். போட்டோவும் நல்லா எடுத்திருக்கா."

"அது விஷக் காளானா சார்?" மாமாவுக்கு அவர் கவலை.

"சேச்சே! துளிகூட விஷம் கிடையாது."

அப்பாடா என்றிருந்தது. பாவம், தாயில்லாப் பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவள் கொண்டுவந்த சூப்பை வாங்கி, எல்லோர் எதிரிலும் ரசித்து உறிஞ்சினார்.

"ஆனா எல்லா இடத்துலயும் வராது சார்" என்றார் பேராசிரியர். "பெரிசா ஏதாவது உடம்பைப் புதைச்சு, அது மக்கின மண்ணுலதான் பெரும்பாலும் இப்படிக் கூட்டமா முளைக்கும்."

அவர் பார்வை ஜன்னல் வழியே ரோஜாச் செடிகள் பக்கம் போனது.

"வளர்த்த நாயை அங்க புதைச்சீங்களான்னு சார் கேட்டாரு மாமா." அவள் கண்கள் நிறைந்திருந்தன. "நாங்க நாயே வளர்த்ததில்லையேன்னு சொன்னேன். அதான் இன்ஸ்பெக்டரையும் கூட்டிட்டு வந்திருக்காரு."