முதல் பந்தி

அந்தோணியார் திருவிழா அசன விருந்தில் இந்த வருஷம் முதல் பந்தி பெண்களுக்குத்தான். ஊர்க்கூட்டத்தில் மல்லுக்கட்டி, மரிய அனிதா டீச்சர் அதை வாங்கிவிட்டாள். சேதி காளையார்கோவில் வரைக்கும் போய்விட்டது.

சும்மா கிடைக்கவில்லை. கோயில் தலைவர் சூசைமரியான் கூட்டத்தில் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“ஆம்பளைக பசியோட நிக்க, பொம்பளைக மொதல்ல உக்காந்து திங்கிறதா? ஊரு இன்னும் அதுக்குப் பக்குவப்படல டீச்சர்.”

“எப்பப் பக்குவப்படும்னு சொல்லுங்க தலைவரே, அதுவரைக்கும் காத்திருக்கேன்.”

கூட்டம் சிரித்துவிட்டது. பங்குச்சாமியாரும் டீச்சர் பக்கம் சாய்ந்தார். வேறு வழியில்லாமல், பெண்கள் கை கழுவும்வரை ஆண்கள் இலையில் உட்காருவதில்லை என்று தலைவர் எல்லோர் சார்பிலும் வாக்குக் கொடுத்தார்.

திருவிழாவும் வந்தது. அந்த ஊரில் கிடாய் அறுத்துச் சமைப்பது ஆண்கள், பரிமாறுவது பெண்கள். கறிக்குழம்பு வாசனை தெருக்கோடி வரை தூக்கியது. பந்திப்பாய் விரித்து இலையும் போட்டாயிற்று.

அனிதா மைக்கில் கூப்பிட்டாள். ஒரு பெண்கூட உட்காரவில்லை.

மறுபடி கூப்பிட்டாள். வாளியும் கரண்டியுமாக நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, அசையவில்லை. வாக்குக் கொடுத்த ஆண்கள் குழம்பு அண்டாவைப் பார்த்துக்கொண்டு பசியோடு நின்றார்கள்.

அனிதாவுக்கு அவமானமாக இருந்தது. இவர்களுக்காகவா ஊரையே பகைத்துக்கொண்டோம் என்று ஆத்திரமாகவும் வந்தது. நேரே தலைவரின் மனைவி யூஜினியாவிடம் போனாள்.

“என்ன பெரியம்மா, வீட்டுக்காரருக்குப் பயமா?”

“பயமெல்லாம் இல்ல டீச்சர். நாங்க அம்புட்டுப் பேரும் உக்காந்துட்டா, யாரு பரிமாறுறது?”

அனிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். யார் முதலில் உட்காருவது என்றே மாதக்கணக்காகப் பேசியவள், இதை யோசிக்கவே இல்லை. இந்தப் பெண்களையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆண்கள் பக்கம் திரும்பி, யாராவது வாளியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஆம்பள பந்தியில கரண்டி புடிச்சு இந்த ஊருல யாரு பாத்திருக்கா?” என்றார் அவர்.

கடைசியில் பசி பொறுக்காமல் டிராக்டர் ஓட்டும் ஆரோக்கிய பிரபு வாளியை வாங்கினான். இன்னும் நாலு பேர் சோற்றுக் கூடையைத் தூக்கினார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே வரிசையாக உட்கார்ந்தார்கள்.

பிரபு ஊற்றிய முதல் கரண்டிக் குழம்பு, இலையைத் தாண்டி ஓடிச் சேலையை நனைத்தது.

அதைத் தலைவரால் சகிக்க முடியவில்லை. “தள்ளுடா அங்குட்டு. சோத்துல குழி பறிக்காம ஊத்துனா ஓடத்தான் செய்யும்” என்று வாளியைப் பிடுங்கினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எலும்பும் கறியும் கலந்து, “போதுமாத்தா?” என்று இலைக்கு இலை கேட்டு ஊற்றிக்கொண்டே போனார். ஊரே வாயைப் பிளந்தது. மற்ற ஆண்களும் வெட்கம் விட்டு ரசத்தையும் கூட்டையும் தூக்கினார்கள். அசனத்தில் சுடுசோறு அறியாத பெண்கள் ஆவி பறக்கப் பிசைந்து சாப்பிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த அனிதாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

இவ்வளவு பக்குவமாகப் பரிமாற இந்த மனிதர் எங்கே பழகினார் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

யூஜினியா இலைக்கு வந்ததும், தலைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அவசரமாக ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

சாப்பாட்டுக் குஷியில் அவள் சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

“ஏங்க, வீட்டுல ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம என்னைய உக்கார வச்சு, நல்லி எலும்பாப் பாத்துல்ல பரிமாறுவீக? இங்க மட்டும் ஏன் வெறுங்குழம்ப ஊத்திட்டுப் போறீக?”