அழைக்காமலே வரும் எட்டு

நாங்கள் கணினி நிரல் எழுதும் மொழியில், முன்பே எழுதிவைத்த துணை நிரல்களின் தொகுப்புகள் எட்டு, யாரும் அழைக்காமலே ஒவ்வொரு நிரல் கோப்புக்குள்ளும் வந்துவிடும். திங்கட்கிழமை காலை அவற்றின் பெயர்ப் பட்டியலை எடுத்தபோது ஒன்பது பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது, ‘சுண்டெலி’.

என் தங்கையை வீட்டில் அப்படித்தான் அழைப்போம். அலுவலகத்தில் எவருக்கும் அது தெரியாது. சென்ற மாதம் அவள் மருத்துவமனையில் கிடந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, “இந்த வேலை முடியட்டும், அப்புறம் போம்மா” என்று மேலாளர் விடுப்பை மறுத்தார். வேலை முடிந்த அன்று அவள் இறந்தாள்.

“சுண்டெலியாம், சுண்டெலி! ஆபீஸ்ல என்ன விளையாட்டு? தூக்கு அதை!” என்று மேலாளர் கத்தினார்.

“மூணு தடவை தூக்கிட்டேன் சார். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாவும் போட்டேன். மன்னிக்கணும், நீங்களே பாருங்க.”

அவர் தம் கணினியில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து இயக்கினார். ஒன்பது பெயர்கள் வந்தன. என் பக்கம் திரும்பினார்.

“நீ வேணா இன்னிக்கு லீவு எடுத்துக்கம்மா.”



“இப்பப் போய் யாரைப் பாக்கணும் சார்?”

அவர் அக்கோப்பை அழித்துவிட்டு வேறொன்றைத் திறந்தார். மீண்டும் ஒன்பது வந்தன. இம்முறை அவள் பெயர் முதலில் இருந்தது.