ஜாடியின் அடிப்பக்கம்

"யாரு சார் இதோட அடியைத் தேச்சது?"

நீலக் கண்ணாடி ஜாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார் எபினேசர். பழைய கண்ணாடிச் சாமான் எந்த நாட்டில், யார் கையால் ஆனது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். பூமிகா அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கே ரயிலேறி வந்துவிட்டார்.

"நான்தான்" என்றார் பூமிகாவின் அப்பா ஆதிகேசவன். "கம்பெனில கிரைண்டிங் செக்‌ஷன்ல இருந்தேன். அடியில கீறலா இருந்திச்சி, வீல்ல வெச்சி தேச்சிட்டேன். இன்னா இப்போ? வழவழன்னுதானே கீது?"

"வேலை சுத்தம் சார், குறையே சொல்ல முடியாது. ஆனா மொத்த விஷயமும் அங்கதானே இருந்திருக்கும்!"

பூமிகாவுக்குத் தை மாதம் கல்யாணம். வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அகப்பட்டது இந்த ஜாடி. அவள் அம்மா செண்பகத்துடையது. செண்பகம் பதினோரு வருஷமாக ஆரணியில் தாய்வீட்டில் இருக்கிறாள். கொண்டுபோய் விட்டவர் ஆதிகேசவன்தான். ஏன் என்று மகளிடம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் செண்பகம் பெயரைப் போடவும் விடவில்லை. மனுஷனுக்கு அப்படி ஒரு உடும்புப் பிடி.

"யப்பா, இத எடுத்துக்கினு போய் அம்மா கையில குடு. கல்யாணத்துக்கு வான்னு ஒரு வார்த்த கூப்பிடு. நீ கூப்ட்டாதான் வருவேன்னு சொல்லிக்கினு கீது. தாய் இல்லாம நான் எப்டிப்பா மணையில உக்காருவேன்?"

"அவ பேச்ச எடுக்காத. சார் வந்த வேலைய பாக்கட்டும்."

எபினேசர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "இது எப்படிம்மா உங்க வீட்டுக்கு வந்துச்சு?"

"காட்டுப்பள்ளில கப்பல் கட்டுற எடத்துக்கு ஸ்வீடன்லேர்ந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தாரு சார். அவரு ஊட்ல அம்மா வேலை செஞ்சிக்கினு இருந்திச்சி. ஊருக்குப் போறப்ப அந்த வெள்ளக்காரம்மா குடுத்தாங்களாம்."

"அப்டின்னு அவ சொன்னா" என்றார் ஆதிகேசவன் வெடுக்கென்று.

எபினேசர் ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே சுழன்று ஏறிய பச்சைக் கோட்டையும், வாய் விளிம்பையும் டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா சொன்னது நிஜம்தான் சார். இது ஸ்வீடன் சாமான். வாயால ஊதிச் செஞ்சது, அம்பது வருஷம் பழசு. கோட்டை இப்படிச் சுழட்டிவிட ஒரே ஒருத்தராலதான் முடியும். அவர் செஞ்சதுன்னு என் மனசுக்குத் தெரியுது, வெளியில சொன்னா எவனும் நம்பமாட்டான். அத்தாட்சியைத்தான் தேச்சிட்டீங்களே!"

"இன்னா அத்தாட்சி?"

எபினேசர் செல்போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து நீட்டினார். அதே நீலம், அதே பச்சைக் கோடு. "இது இன்னொரு ஜாடி. அடியைப் பாருங்க. செஞ்சு முடிச்சதும் வைர ஊசியால கீறித் தன் பேரை எழுதிடுவார். பாவம், அவர் செத்தே நாப்பது வருஷமாச்சு."

ஆதிகேசவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். மார்ட்டின். போனைத் திருப்பிக் கொடுத்தார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"யப்பா! இன்னாப்பா ஆச்சு?" என்று பூமிகா பதறினாள்.

'யார்டி இந்த மார்ட்டின்?' என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஜாடியைக் கவிழ்த்துக் காட்டி அவர் அடித்துக் கேட்டபோது, 'சத்தியமா எனக்குத் தெரியாதுய்யா' என்றுதான் செண்பகம் அழுதாள்.