பத்து மணிக்கு விழுந்த மரம்

போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அவன் குரலுக்குத் தனி மவுசு. எந்தச் சாலையில் நெரிசல் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வானொலியில் அவன் சொன்னால், ஊரே ஸ்டியரிங்கைத் திருப்பும்.

இன்று அந்தக் குரல் ஒரு பொய் சொல்லப்போகிறது.

மூன்று வாரத் திட்டம். மேற்குச் சாலையில் ஒரு வங்கி, இரண்டு நகைக்கடை, ஓர் அரசு அலுவலகம். காலை பத்திலிருந்து பத்தரை வரை அங்கே ஈ, காக்கை இருக்கக் கூடாது. நல்ல வேளையாக, நேற்றிலிருந்து அந்தச் சாலைக் கேமரா பழுது. கேமரா இல்லாத சாலைக்கு, போனில் தகவல் வந்ததாக அறிவிப்பாளன் எழுதிக்கொண்டால் போதும். யாரும் குடைய மாட்டார்கள்.

மாட்டினால் வேலை காலி. முடிந்தால் ஆயுசுக்கும் நிம்மதி.

ஒன்பது ஐம்பதுக்குக் கழிவறைக்குள் நுழைந்து செல்போனை எடுத்தான். "வண்டி ரெடியா?"

"ரெடி. பயமாத்தான் இருக்கு" என்றது மறுமுனை, கிசுகிசுப்பாக.

"போன தடவை மாதிரி பதறிப்போய் விளக்குக் கம்பத்துல சாத்திடாதே. பக்கத்துல உட்கார்ற ஆள் சொல்றதை மட்டும் செய். வாயைத் திறக்காதே. இன்னிக்கு விட்டா இன்னும் ஆறு மாசம்."

பத்து மணி. தொண்டையைச் செருமினான். மேற்குச் சாலையில் பெரிய மரம் விழுந்துவிட்டதாகவும், எல்லோரும் ஆற்றுச் சாலை வழியாகச் சுற்றிப் போகும்படியும் தேன் ஒழுகச் சொன்னான். செல்போன் வரைபடத்திலும் ஒரு சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டான்.

மேலதிகாரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "காத்தே அடிக்கலையேய்யா?"

"வயசான மரம் சார். அதுவா சாஞ்சிருக்கும்."

ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்த மேலதிகாரி, பெருமூச்சு விட்டபடி நகர்ந்தார்.

பக்கத்துச் சந்திப்புக் கேமராவின் திரையில், மேற்குச் சாலை முனைக்கு வந்த வண்டிகளெல்லாம் நல்ல பிள்ளைகளாகத் திரும்பின. ஆற்றுச் சாலைக்கு மூச்சு முட்டியது. அவனுக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது.

பத்து நாற்பதுக்கு செல்போன் அதிர்ந்தது. மறுபடியும் கழிவறைக்கு ஓடினான்.

"முடிஞ்சுதா?"

"ரோடு துடைச்சு வெச்ச மாதிரி கிடக்கு" என்றது மறுமுனை, அழுகையை அடக்கிக்கொண்டு.

"ஆனா, எனக்கு லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க வேண்டிய இன்ஸ்பெக்டர், என் புருஷன் பேச்சை நம்பி ஆத்து ரோட்டுப் பக்கம் திரும்பி, இன்னும் அங்கேயே நிக்கிறாராம்."